சிரிக்க வைத்த ஒற்றர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆண்டுமலர் என்றால் அதில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை இருக்கும். ஒரு தலைவரின் வாழ்க்கை இருக்கும். ஒரு கவிஞரின் வாழ்க்கை இருக்கும். அது மரபு, மதிக்கத்தக்க மரபு. நான் எழுத எடுத்துக்கொண்டவரோ விஞ்ஞானியும் அல்லர், தலைவரும் அல்லர், கவிஞரும் அல்லர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு நகைச்சுவை நடிகர். அமெரிக்க நாட்டவர். 2005-ஆம் ஆண்டில் மறைந்தவர். பெயர் டான் ஆடம்ஸ்.

இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பதுதானே அவருக்குச் செய்யும் மரியாதை!

என் தாய்மாமன் மஸ்கட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு டி.வி.டி. கருவியும், அட்டைப்பெட்டி நிறைய ஒளித்தட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றுள் கெட் ஸ்மார்ட் என்னும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் இருந்தது. அப்போது எனக்கு வயது 12. ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். காலில் கிடக்கும் பூட்ஸைக் கழற்றி, அதன் அடிப்புறத்தில் எண்களைச் சுழற்றி, காதில் வைத்துத் தொலைபேசும் மனிதனைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஆங்கிலம் எதற்கு?

சென்ற ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் அதே ஒளித்தட்டுகளைத் தூசி தட்டி மீண்டும் பார்த்தேன். இம்முறை சொற்களும் விளங்கின. சொற்கள் விளங்கியதும் சிரிப்பு குறையவில்லை. ஆனால் அதன் நிறம் மாறிவிட்டது. இப்படி ஒரு முட்டாளாக நடிக்க எவ்வளவு அறிவு வேண்டும் என்று தோன்றியது. யார் இந்த மனிதர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிறப்பும் இளமையும்

1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டொனால்ட் ஜேம்ஸ் யார்மி. தந்தை வழியில் ஹங்கேரிய யூத மரபு. தாய் வழியில் ஐரிஷ் கத்தோலிக்க மரபு. உடன்பிறந்தவர்கள் ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும். அவர்களும் பின்னாளில் கலைத்துறைக்கே வந்தார்கள்.

டொனால்டுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர், முடிக்காமலே வெளியேறினார். கையில் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. இந்நிலையில் உலகப் போர் அவரை அழைத்துக்கொண்டது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க மரீன் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலர் முதலாண்டு வகுப்பறையில் இடம் தேடிக்கொண்டிருந்த வயது அது.

சாவின் வாசலில்

பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுக்கூட்டத்தில் குவாடல்கனால் என்றொரு தீவு உண்டு. 1942 ஆகஸ்டில் அமெரிக்கப் படைகள் அங்கே இறங்கின. 1943 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் தீவை விட்டு விலகும் வரை ஆறு மாத காலம் கடும் போர் நடந்தது. காடு, சேறு, மழை, பசி, கொசு. குண்டுக்குத் தப்பியவர்களைக் காய்ச்சல் பிடித்தது. இளைஞர் டொனால்டும் அங்கே போரிட்டார். அங்கேயே நோயில் விழுந்தார்.

அவரைப் பற்றியது சாதாரண மலேரியா அன்று. மலேரியா முற்றிய நிலையில் சிலருக்கு வரும் கருநீர்க் காய்ச்சல். இரத்தத்தின் சிவப்பணுக்கள் பெருமளவில் வெடித்துச் சிதைகின்றன, அவற்றிலுள்ள நிறப்பொருள் சிறுநீரில் கலந்து அதைக் கறுக்கச் செய்கிறது, சிறுநீரகங்கள் செயலிழக்கின்றன. அந்நாளில் அந்நோய் கண்டவர்களில் பலர் பிழைக்கவில்லை. அவரை நியூசிலாந்துக்குக் கொண்டுசென்று, வெலிங்டன் நகரிலிருந்த கடற்படை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் படுக்கை. சாவு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அவர் பிழைத்தார். பிழைத்தவரைப் புதிய படைவீரர்களுக்குப் பயிற்சி தரும் பணியில் அமர்த்தினார்கள். காலை முதல் மாலை வரை உரத்த குரலில், சொற்களை வெட்டி வெட்டி, ஆணை பிறப்பிக்கும் வேலை. பிற்காலத்தில் அவர் திரையில் பேசிய அந்த வெட்டுக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயிற்சி மைதானம்தான் கண்முன் வருகிறது. வில்லியம் பவல் என்ற பழைய நடிகரின் குரலை மிகைப்படுத்தி அந்தக் குரலை அவர் உருவாக்கினார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மைதானத்தின் பங்கும் அதில் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

பெயர் மாறிய கதை

போர் முடிந்தது. வீடு திரும்பிய வீரர்களுக்கு வேலை தேட வேண்டிய காலம். நம் கதாநாயகர் விளம்பரப் படங்கள் வரைந்தார். உணவு விடுதியில் காசாளராக அமர்ந்தார். இரவு விடுதிகளில் பிறரைப் போலக் குரல் மாற்றிப் பேசிச் சிரிக்க வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை.

அடிலெய்ட் எஃபான்டிஸ் என்ற பாடகியை மணந்தார். அந்தப் பெண்மணி மேடையில் அடிலெய்ட் ஆடம்ஸ் என்ற பெயரில் பாடிவந்தார். மனைவியின் மேடைப் பெயரையே கணவரும் தம் பெயராக ஏற்றார். காரணம் வேடிக்கையானது. நடிகர் தேர்வுக்குப் போனால் அகர வரிசைப்படி அழைப்பார்கள். ஆங்கிலத்தில் யார்மி என்னும் பெயர் வரிசையின் கடைசியில் நிற்கும். அவர் முறை வரும்போது தேர்வாளர்கள் களைத்திருப்பார்கள். அல்லது ஆளை எடுத்து முடித்திருப்பார்கள். ஆடம்ஸ் என்றால் முதலிலேயே அழைப்பு வரும். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயராக நிற்கும் நண்பர்களுக்கு இந்தத் துயரம் நன்கு விளங்கும்!

1954-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்ஃப்ரே நடத்திய திறமை தேடும் நிகழ்ச்சியில் டான் ஆடம்ஸ் வெற்றி பெற்றார். அவருக்கு அந்நிகழ்ச்சியில் பேச எழுதிக் கொடுத்தவர் நண்பர் பில் டானா. இந்த நட்பு வாழ்நாள் நட்பு. பிறகு தொலைக்காட்சியில் சிறு சிறு வாய்ப்புகள் வந்தன. 1963-இல் பில் டானா தம் பெயரிலேயே ஒரு தொடர் தொடங்கியபோது, அதில் பைரன் கிளிக் என்ற ஓட்டல் துப்பறிவாளராக ஆடம்ஸை நடிக்க வைத்தார். எதையும் கண்டுபிடிக்கத் தெரியாத, ஆனால் எல்லாம் தெரிந்தவன் போல் நடக்கும் துப்பறிவாளன் அவன். விதை விழுந்துவிட்டது. முளைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

ஒற்றன் பிறந்தான்

1960-களின் நடுப்பகுதியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம். வெள்ளித்திரையில் ஜேம்ஸ் பாண்ட் கோலோச்சிய காலம். அழகன், அறிவாளி, குறி தவறாதவன். அதே வேளையில் பீட்டர் செல்லர்ஸ் நடித்த குளூசோ என்னும் அரைகுறைத் துப்பறிவாளனும் மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இவ்விருவரையும் ஒரே ஆளாகச் சேர்த்தால் என்ன என்று தயாரிப்பாளர் டேனியல் மெல்னிக் நினைத்தார். எழுதும் பொறுப்பை மெல் புரூக்ஸ், பக் ஹென்றி என்னும் இருவரிடம் ஒப்படைத்தார். அப்படிப் பிறந்தவன்தான் மாக்ஸ்வெல் ஸ்மார்ட், 86-ஆம் எண் ஒற்றன். ஸ்மார்ட் என்றால் கெட்டிக்காரன். பெயரிலேயே கேலி தொடங்கிவிடுகிறது.

முதலில் ஏ.பி.சி. நிறுவனத்திடம் கதை சென்றது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சைத் தொட ஒரு நாயாவது வேண்டும் என்றார்களாம். எழுத்தாளர்கள் நாயைச் சேர்த்தார்கள். ஆனால் அது மூச்சிரைக்கும் நோய் பிடித்த, சொன்னதைச் செய்யாத நாய்! ஏ.பி.சி. கையை விரித்தது. என்.பி.சி. ஏற்றுக்கொண்டது. ஆடம்ஸ் ஏற்கெனவே அந்நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார். எனவே பாத்திரம் அவரைத் தேடி வந்தது.

1965 செப்டம்பர் 18-ஆம் நாள் கெட் ஸ்மார்ட் ஒளிபரப்பாகத் தொடங்கியது. முதல் பகுதி மட்டும் கறுப்பு வெள்ளை, மற்றவை வண்ணத்தில். தொடக்கக் காட்சி இன்றும் மறக்க முடியாதது. ஸ்மார்ட் நீண்ட நடையில் ஒரு தாழ்வாரத்தில் நடக்கிறான். இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, அவன் கடந்ததும் மூடிக்கொள்கின்றன. இறுதியில் ஒரு தொலைபேசிக் கூண்டு. உள்ளே நின்று எண் சுழற்றியதும் தரை விலகிக் கீழே மறைகிறான். பின்னணி இசையமைத்தவர் இர்விங் சாத்மரி. நாம் முன்பு கண்ட நண்பர் பில் டானாவின் உடன்பிறந்தவர் இவர்.

கன்ட்ரோல் என்பது ஸ்மார்ட் பணிபுரியும் அரசு ஒற்றர் அமைப்பு. கேயாஸ் என்பது எதிரிக் கூட்டம். உடன் பணியாற்றும் பெண் ஒற்றருக்குப் பெயரே கிடையாது. 99 என்ற எண்தான். பார்பரா ஃபெல்டன் அப்பாத்திரத்தில் நடித்தார். தலைவராக எட்வர்ட் பிளாட் நடித்தார். ஸ்மார்ட் செய்யும் கூத்துகளைக் கண்டு பொறுமை இழந்து, மாத்திரை விழுங்கி, மீண்டும் பொறுமை பெறும் தலைவர். அஞ்சல் பெட்டிக்குள்ளும் சலவை இயந்திரத்துக்குள்ளும் ஒளிந்து வேவு பார்க்க அனுப்பப்பட்டுத் தன் விதியை நொந்துகொள்ளும் 13-ஆம் எண் ஒற்றனும் உண்டு. வெளியில் ஒற்றர் கதை. உள்ளே அது ஓர் அரசு அலுவலகத்தின் கதை. அதனால்தான் எந்த நாட்டவருக்கும் அது விளங்குகிறது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. மௌனக் கூம்பு என்று ஒரு கருவி. இரகசியம் பேச வேண்டுமானால் தலைவரின் மேசைக்கு மேலிருந்து கண்ணாடி போன்ற இரு குமிழ்கள் இறங்கி இருவர் தலைகளையும் மூடிக்கொள்ளும். ஒலி வெளியே போகக் கூடாது என்பது நோக்கம். நடப்பதோ தலைகீழ். உள்ளே இருக்கும் இருவருக்கும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. வெளியே நிற்பவனுக்கு நன்றாகக் கேட்கும். வேண்டாமென்று தலைவர் ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார். விதிமுறைப்படி அதைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்று ஸ்மார்ட் அடம்பிடிப்பான். கருவி பயன்படவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விதிமுறை இருக்கிறதே! ஒலியியல் பாடத்தில் இதைவிட நல்ல நகைச்சுவையை நான் கண்டதில்லை.

இறங்கும் ஏணி

ஸ்மார்ட்டின் புகழ்பெற்ற வழக்கம் ஒன்றுண்டு. எதிரிகளிடம் அகப்பட்டுக்கொள்வான். கை கட்டப்பட்டிருக்கும், துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே நிற்கும். அப்போது சிறிதும் கலங்காமல், இந்தக் கப்பலை எங்கள் கடலோரக் காவல்படைக் கலங்கள் ஏழு சூழ்ந்து நிற்கின்றன என்பது போல் ஒரு பெரும் பொய்யை அவிழ்த்துவிடுவான். எதிரி நம்ப மாட்டான். உடனே ஸ்மார்ட், அப்படியானால் ஆறு என்றால் நம்புவாயா என்று இறங்குவான். அதையும் எதிரி நம்ப மாட்டான். இறுதியில் துடுப்புப் படகில் இரண்டு போலீஸ்காரர்கள் என்ற அளவுக்கு வந்து நிற்பான். முகத்தில் மட்டும் வெட்கம் என்பதே இருக்காது.

இக்காட்சியை 12 வயதில் பார்த்தபோது வெறும் கோமாளித்தனமாகத் தெரிந்தது. சென்ற ஆண்டு பார்த்தபோது சிரிப்பின் நடுவே திடுக்கிட்டேன். ஏனென்றால் அதே காட்சியில் நானும் நடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார், இந்தப் படிப்பு படித்தால் என்ன ஆகலாம் என்று. பெங்களூரில் விண்வெளி விஞ்ஞானி ஆகலாம் என்றேன். அப்பா என்னையே பார்த்தார். கல்லூரி விரிவுரையாளராவது ஆகலாம் என்றேன். அவர் பார்வை மாறவில்லை. பள்ளி ஆசிரியர் என்றேன். கடைசியில் குரூப் 4 தேர்வு எழுதலாம் என்று வந்து நின்றேன். அவர் நிதானமாக, முதலில் அரியர் இல்லாமல் தேறு என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். முதல் செமஸ்டர் கணிதத் தாளில் 2 மதிப்பெண்ணில் நான் தவறியது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. குறி தவறிய ஒவ்வொரு முறையும் ஸ்மார்ட் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிக் காட்டி, இவ்வளவு தூரத்தில்தான் தவறியது என்பானே, அந்த அளவுதான்!

ஸ்மார்ட் பொய் சொல்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் பொய் ஏறும் பொய்யன்று, இறங்கும் பொய். ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் உண்மையில் கால் பதிக்கிறான். அங்கே நின்ற பிறகும் அவன் அழுவதில்லை. அடுத்த வழி தேடுகிறான். அதைத்தான் டான் ஆடம்ஸ் நடித்துக் காட்டினார். நடித்துக் காட்டியதோடு, பிற்காலத்தில் வாழ்ந்தும் காட்டினார்.

புகழின் உச்சி

தொடர் பெருவெற்றி பெற்றது. மொத்தம் 138 பகுதிகள், ஐந்து பருவங்கள். முதல் நான்கு பருவங்கள் என்.பி.சி.யிலும் கடைசிப் பருவம் சி.பி.எஸ். நிறுவனத்திலும் வந்தன. நான்காம் பருவத்தில் ஸ்மார்ட்டுக்கும் 99-க்கும் திருமணம் நடந்தது. ஐந்தாம் பருவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 1967, 1968, 1969 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நகைச்சுவை நடிகருக்கான எம்மி விருது ஆடம்ஸுக்குக் கிடைத்தது. தொடரின் சில பகுதிகளை அவரே இயக்கினார்.

ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கூடுதல் வாரச் சம்பளம் பெற வாய்ப்பிருந்தும், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தொடரின் உரிமையில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டார். தொடர் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பான காலமெல்லாம் அந்தப் பங்கு அவருக்குச் சோறு போட்டது. திரையில் முட்டாள், ஒப்பந்தத்தில் கெட்டிக்காரர். ஆனால் குதிரைப் பந்தயத்தில் அவருக்கிருந்த நாட்டம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பல முறை தோற்கடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூன்று முறை மணம் புரிந்தார், மூன்றும் முறிந்தன. ஏழு பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

புகழே சிறையானது

1970-ஆம் ஆண்டில் தொடர் நின்றது. அங்கேதான் அவர் வாழ்க்கையின் கடினமான பகுதி தொடங்குகிறது. எங்கே போனாலும் மக்கள் அவரை மாக்ஸ்வெல் ஸ்மார்ட்டாகவே பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்ததும் ஒற்றனின் குரல் வந்தது. வேறு பாத்திரம் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். ஒரு முகமூடியை ஐந்து ஆண்டுகள் அணிந்தவருக்கு அது முகமாகவே ஒட்டிக்கொண்டது.

1971-இல் பார்ட்னர்ஸ் என்ற புதிய தொடரில் துப்பறிவாளராக நடித்தார். அது ஒரே பருவத்தோடு முடிந்தது. 1975-இல் புதிய நடிகர்களைத் தேடும் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். அதுவும் நிலைக்கவில்லை. 1980-இல் ஸ்மார்ட்டை வெள்ளித்திரைக்குக் கொண்டுபோனார்கள். 99 இல்லாத அந்தப் படம் எடுபடவில்லை. தலைவராக நடித்த எட்வர்ட் பிளாட் 1974-லேயே மறைந்துவிட்டார். ஏழு கப்பல்கள் ஆறாகி, ஆறு இன்னும் குறைந்துகொண்டிருந்தன.

இந்த இடத்தில் பலர் மனம் உடைந்து ஒதுங்கியிருப்பார்கள். ஆடம்ஸ் ஒதுங்கவில்லை. மக்கள் கேட்பது என் குரலைத்தானே, முகம் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தாரோ என்னவோ! 1983-இல் இன்ஸ்பெக்டர் காட்ஜெட் என்ற குழந்தைகள் கார்ட்டூன் தொடருக்குக் குரல் கொடுத்தார். உடம்பெல்லாம் கருவிகள் பொருத்திய, ஆனால் எதையும் கண்டுபிடிக்கத் தெரியாத துப்பறிவாளன் காட்ஜெட். உண்மையில் வழக்கைத் தீர்ப்பவர்கள் அவன் உறவுப் பெண் குழந்தை பென்னியும் பிரெய்ன் என்னும் நாயும். ஸ்மார்ட்டைக் காப்பாற்ற 99 இருந்தாளே, அதே கதைதான். கெட் ஸ்மார்ட்டைப் பார்த்தேயிராத ஒரு புதிய தலைமுறை, தன் பெற்றோர் கேட்டுச் சிரித்த அதே குரலைக் கேட்டுச் சிரித்தது. அத்தொடரின் மொத்தப் பகுதிகள் எத்தனை தெரியுமா? 86! தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் எவ்வளவு பொருத்தம்!

1985 முதல் 1988 வரை கனடா நாட்டுத் தொடர் ஒன்றில் பல்பொருள் அங்காடி ஒன்றின் மேலாளராக நடித்தார். எம்மி விருது மூன்று பெற்றவர் அண்டை நாட்டுக்குப் போய், அங்காடியில் காய்கறிகளுக்கு நடுவே நின்று சிரிக்க வைத்தார். அதை இறக்கம் என்பார் உண்டு. நான் உழைப்பு என்பேன்.

1989-இல் தொலைக்காட்சிப் படம் ஒன்றில் ஸ்மார்ட்டாக மீண்டும் வந்தார். 1995-இல் கெட் ஸ்மார்ட் புதிய உருவில் மறுபடி தொடங்கியது. இப்போது ஸ்மார்ட்தான் கன்ட்ரோலின் தலைவர். முட்டாள்தனம் செய்யும் முறை அவன் மகனுக்கு. தொல்லை கொடுத்தவனே தொல்லை தாங்கும் நாற்காலியில்! ஆனால் ஏழே பகுதிகளில் அது நின்றுவிட்டது. தொடக்கத்தில் கடலோரக் காவல்படைக் கலங்கள் ஏழு; முடிவில் பகுதிகள் ஏழு. அப்போது ஆடம்ஸுக்கு வயது 71.

இறுதி நாட்கள்

முதுமையில் அவரைப் புற்றுநோய் பற்றியது. 2004-ஆம் ஆண்டில் அவர் மகளும் நடிகையுமான செசிலி ஆடம்ஸ் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். பெற்ற மகளை முன்னே அனுப்பிவிட்ட தந்தை அதிக நாள் தங்கவில்லை. 2005 செப்டம்பர் 25-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 82. குவாடல்கனால் காட்டில் 20 வயதை எட்டுவதே அரிது என்றிருந்த உயிர் அது.

அவர் மறைந்த மறு ஆண்டு, 2006-இல், ஐந்து பருவங்களும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு டி.வி.டி. தட்டுகளாக வெளிவந்தன. அதைக் காண அவர் இல்லை. 2008-இல் வேறு நடிகர்களைக் கொண்டு புதிய திரைப்படம் வந்தது. அதன் முடிவில் டான் ஆடம்ஸுக்கும் எட்வர்ட் பிளாட்டுக்கும் அஞ்சலி செலுத்தினார்கள். தொலைக்காட்சி வேளை தவறினால் போயிற்று என்றிருந்த ஒரு காலத்துச் சிரிப்பு, தட்டில் பதிந்து, கடல் கடந்து, ஒரு வளைகுடா நாட்டுக் கடையில் விலைக்கு வந்து, மாமாவின் பெட்டியில் ஏறி எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நிறைவாக

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் வள்ளுவர். அதைப் படிப்பது எளிது. தேர்வில் எழுதுவது அதைவிட எளிது. செய்து பார்ப்பதுதான் கடினம். கருநீர்க் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஓர் இளைஞர் சாவைக் கண்ட பிறகு என்ன செய்தார்? துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே நிற்கும்போதும் கலங்காமல் உளறும் ஒரு மனிதனைப் படைத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். பிறகு புகழ் படிப்படியாக இறங்கியபோது, ஒவ்வொரு படியிலும் நின்று, கிடைத்த வேலையைச் செய்தார். ஏழு கப்பலுடன் வந்தவர்தான். துடுப்புப் படகு மட்டும் மிஞ்சியபோது அதில் ஏறித் துடுப்புப் போட்டார்.

அன்பு மாணவ நண்பர்களே, நம்மில் பலரும் நம் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். பெரிய பெரிய கப்பல்களைச் சொல்லித்தான் ஊரிலிருந்து புறப்பட்டு வந்திருக்கிறோம். வகுப்பில் விளங்காததை விளங்கியதாகத் தலையாட்டுகிறோம். தவறிய தாளை வீட்டில் மறைக்கிறோம். இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு படகும்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கம். ஒப்புக்கொண்டால் உலகம் இடிந்துவிடாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காத இந்த நடிகர்.

விடுமுறை முடிந்து வந்ததும் கணிதப் பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். தொகை நுண்கணிதம் எனக்கு முதல் பாடத்திலிருந்தே விளங்கவில்லை ஐயா என்றேன். அவர் கோபிக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். ஏப்ரல் தேர்வில் அத்தாளில் தேறினேன். மதிப்பெண் 43. பெருமைப்படத்தக்க மதிப்பெண் அன்றுதான். ஆனாலும் அதை அப்பாவிடம் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை, உள்ளபடியே சொன்னேன். அப்பா சிரித்தார்.